38,500 ரூபாய்க்கு ஒரு காலிப் பெட்டி: மதுரையில் பேஸ் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம்தான் மெக்கானிக் நான் வாங்கிய பேஸ் ஆம்பை, அதாவது பேஸ் கிதார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து காட்டினார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனது 38,500 ரூபாய். வீட்டில் சீட்டு எடுத்த பணம்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். தபேலா, ஆர்மோனியம், கீபோர்டு, கிதார் எல்லாம் விற்கிற இசைக்கருவிக் கடை. இந்த அடையாளம் போதும்.

நான் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிதார் வாசிக்கிறவன். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் கோயில் பொங்கல், கல்யாண ரிசப்ஷன் என்று ஓடும். ஒரு கச்சேரிக்குக் கையில் நிற்பது 1,500 ரூபாய். இத்தனை நாள் மைக்செட்காரர் மிக்ஸரில் நேரடியாகச் சொருகித்தான் வாசித்தேன். மானிட்டரில் பாடகர் குரல் கேட்கும், ரிதம் பேட் கேட்கும், நான் வாசிக்கிற பேஸ் மட்டும் எனக்குக் கேட்காது. வீட்டிலோ கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். ராத்திரி பத்து மணிக்கு மேல் பிராக்டிஸ் என்றால் ஹெட்போன்தான். அதனால் வீட்டுக்கும் மேடைக்கும் சேர்த்து ஒரே பெட்டியாக, பின்னால் மிக்ஸருக்கு லைன் கொடுக்கிற டிஐ அவுட்டோடு ஒன்று தேடினேன்.

விசாரிக்காமல் வாங்கினாயா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நன்றாக விசாரித்தேன். சாதாரணக் கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸில் கடைசி ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். சரியாக ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி கீழே. ஒரு ஆக்டேவ் இறங்கினால், அதே சத்தம் வருவதற்கு ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். கிதார் ஆம்பில் பேஸைச் சொருகினால் ஸ்பீக்கர் கிழிகிறது இதனால்தான். ஐந்து கம்பி பேஸ் என்றால் இன்னும் மோசம், பி கம்பி 31 ஹெர்ட்ஸ். டிரம்ஸோடு மேடையில் வாசிக்க 200, 300 வாட்ஸாவது வேண்டும், வீட்டுக்கு 20, 30 வாட்ஸே தாராளம் என்பதும் தெரிந்துதான் போனேன். இதையெல்லாம் கடைக்காரரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்லத் தலையாட்டினார்.

அவர் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அடுத்து போகிறவரிடமும் அப்படித்தான் பேசுவார். என் கிதாரை வாங்கி மடியில் வைத்து, ராஜா சார் பாட்டு ஒன்றின் பேஸை அப்படியே வாசித்தார். பிசிறில்லாத வாசிப்பு, அதில் பொய் இல்லை. "நானும் பதினஞ்சு வருசம் ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சவன்தான் தம்பி. வாசிக்கிறவன் கஷ்டம் வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்றார். டீ வரவழைத்தார். மெட்ராஸில் இதே ஆம்பை ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்கிறார்கள், இது டெமோ பீஸ், 300 வாட்ஸ், 15 இன்ச் ஸ்பீக்கர், "உங்களுக்காக 38,500" என்றார். "ஆன்லைன்ல வாங்கினா கேக்க ஆள் இருக்காது. நம்ம கடை எங்க போயிரப் போகுது? ஏதாச்சும்னா நேரா வாங்க" என்று என் தோளில் கை வைத்தார்.

நான் வாசித்துப் பார்க்கிறேன் என்றதும் வால்யூமை மூன்றுக்கு மேல் ஏற்ற விடவில்லை. பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவாராம். ஏசி போட்ட சின்ன அறை, நாலு பக்கமும் சுவர். அந்த அறையில் மூன்றில் வைத்தால் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். டிஐ சாக்கெட்டைக் காட்டினார், சொருகிக் காட்டவில்லை. ஜிபேயில் 38,500 அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "எஸ்டிமேட் போட்டுத் தர்றேன் தம்பி, ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் சும்மா ஏறும்" என்றார். அந்தத் துண்டுச் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: 'பாக்ஸ் 1'. மாடல் கிடையாது, வாட்ஸ் கிடையாது, கடை முத்திரையும் கிடையாது.

வீட்டிலேயே தகராறு ஆரம்பித்தது. ஹெட்போனில் ஒரு காதில்தான் சத்தம். போன் பண்ணினேன். "உங்க ஹெட்போன் பின் சரியில்ல தம்பி." வேறு ஹெட்போன் போட்டேன், அதே கதை. சரி, மேடைக்கு உதவினால் போதும் என்று விட்டேன்.

மேலூர் பக்கம் ஒரு கோயில் திருவிழா. திறந்தவெளி மேடை, எதிரே ஊரே உட்கார்ந்திருக்கிறது. வால்யூமைப் பாதிக்குக் கொண்டு போனதும் ஈ கம்பியின் சத்தம் 'பர்ர்' என்று கிழிந்தது. கோன் முன்னும் பின்னும் குதிப்பது வலை வழியாகத் தெரிந்தது, ஆனால் அடிச்சத்தம் ஒன்றும் வரவில்லை. மைக்செட் அண்ணன் டிஐயில் கேபிளைச் சொருகினார். மிக்ஸரில் ஒரு பொட்டு சிக்னல் ஏறவில்லை. நாலாவது பாட்டில் கருகின வாடை. ஆம்ப் படுத்துவிட்டது. மீதிக் கச்சேரி முழுக்கப் பழையபடி மிக்ஸரில் சொருகி, நான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே கேட்காமல் வாசித்தேன். குழு நடத்துகிறவர் அன்றைக்கு 500 ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார். அதையும் இந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

அடுத்து கடை. "நம்ம கடை எங்க போயிரப் போகுது" என்றாரே, கடை அங்கேயேதான் இருந்தது. ஆள்தான் மாறிவிட்டார். முதலில், புது ஸ்பீக்கர் ஓட ஓடத்தான் செட் ஆகும் என்றார். டெமோ பீஸ் எப்படிப் புது ஸ்பீக்கர் ஆனது என்று கேட்டேன், பதில் இல்லை. அப்புறம் என் கேபிளில் கோளாறு. அப்புறம் கிராமத்தில் லோ வோல்டேஜ். அப்புறம் ஜெனரேட்டரில் போட்டதால் வாரண்டி போச்சு. சரி, வாரண்டிதான் எதற்கு என்றால், ஸ்பீக்கருக்குக் கிடையாது, போர்டுக்குக் கிடையாது. கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் மட்டும்தான் வாரண்டி போல. கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வருவார் என்றார்கள், வரவே இல்லை. ஓனர் திருச்செந்தூர் போயிருக்கிறார் என்று கடைப் பையன் சொல்லும்போது உள்ளே அவர் குரல் கேட்கிறது. கடைசியாகக் கிடைத்தபோது, "வேணும்னா 9,000க்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கறேன்" என்றார். 38,500 கொடுத்து வாங்கிய பொருளை, விற்ற அதே ஆள் 9,000க்குக் கேட்கிறார்! பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனும் அவன் அப்பாவும் கிதார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சத்தம் போட்டதும், "தம்பி, வெளிய போய்ப் பேசுங்க" என்று கதவைத் திறந்து விட்டார்.

இனிமேல் மெக்கானிக் சொன்னது. செல்லூர் பக்கம், பழைய ஆம்ப் எல்லாம் பார்க்கிற அண்ணன். பின்பக்கத்தைக் கழற்றியவர் ஒரு நிமிடம் பேசவில்லை. உள்ளே இருந்தது கம்பெனி போர்டே இல்லை. வெளிப்பெட்டி மட்டும்தான் ஒரிஜினல். டிடிஏ 7294 என்று ஒரே ஒரு ஆம்ப் ஐசி (சிப்), சின்ன டிரான்ஸ்பார்மர். அந்த ஐசியின் உச்சமே 100 வாட்ஸ், அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால். இந்த டிரான்ஸ்பார்மருக்கு அறுபது தேறினால் அதிகம் என்றார். 300 என்று ஒட்டியிருந்தது கடையில் அச்சடித்த ஸ்டிக்கர். ஸ்பீக்கர் 15 இன்ச்தான், ஆனால் மைக்செட் பெட்டியில் குரலுக்குப் போடுகிற வகை. பேஸுக்கு அசைகிற அளவுக்கு அதன் கோனுக்கு இடமே இல்லை, கோனை அசைக்கிற வாய்ஸ் காயில் கருகிவிட்டது. டிஐ சாக்கெட்டின் பின்னால் ஒரு வயர்கூட இல்லை. அழகுக்கு மாட்டி வைத்த சாக்கெட். இதற்கு 38,500.

வாசிக்கத் தெரியாத ஆள் இப்படி விற்றிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. ஈ கம்பியின் சத்தம் எங்கே கிழியும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வால்யூமை மூன்றில் நிறுத்தினார்.

பேஸ் ஆம்ப் தேர்ந்தெடுப்பது பற்றி விவரமாக எழுதுகிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இப்போது அந்த மனநிலை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். ஸ்டிக்கரில் உள்ள வாட்ஸை நம்பாதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தருகிற வாட்ஸ்) எவ்வளவு, எத்தனை ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பெட்டியில் என்று கேளுங்கள். 4 ஓம்ஸில் 300 என்றால் 8 ஓம்ஸ் பெட்டியில் கிட்டத்தட்டப் பாதிதான் வரும். கடையிலேயே ஈ கம்பியை எங்கும் விரலால் அழுத்தாமல், வால்யூமை ஏற்றி வாசியுங்கள். விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டிஐ, ஹெட்போன் என்று எல்லா ஓட்டையிலும் சொருகிப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் பின்னால் 230 வோல்ட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 120 என்றால் தொடாதீர்கள். மாடல், சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே ரசீதும், மெக்கானிக் திறந்தபோது எடுத்த வீடியோவும் இருக்கிறது. அதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.

வர்ற வெள்ளிக்கிழமை திருமங்கலத்தில் கச்சேரி இருக்கிறது. மதுரையில் யாரிடமாவது வேலை செய்கிற பேஸ் ஆம்ப் ஒரு ராத்திரிக்கு வாடகைக்குக் கிடைக்குமா?