பினாங்கில் நீல மாளிகையா, பச்சை மாளிகையா?

ஜார்ஜ் டவுனில் அரை நாள்தான் கையில் இருக்கிறது, பழைய சீனப் பணக்காரர் வீடு ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், லீத் தெருவிலுள்ள நீல மாளிகைக்கு, அதாவது சியோங் ஃபாட் ட்ஸே மாளிகைக்குப் போங்கள். நீலம், பச்சை இரண்டையும் சுற்றிவிட்டுத்தான் சொல்கிறேன்.

பச்சை மாளிகை, அதாவது சர்ச் தெருவின் பினாங்கு பெரனாக்கன் மாளிகை மட்டம் என்று அர்த்தமில்லை. (பெரனாக்கன் என்றால் மலாய் மண்ணில் வேரூன்றி, அந்த ஊர் வழக்கங்களோடு கலந்துபோன சீனர்.) 1890களில் காப்பிட்டான் (சீனர் சமூகத் தலைவர்) சுங் கெங் கூய் கட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழம்பொருட்கள், நகை, பீங்கான், மணி கோத்த செருப்பு. இஷ்டத்துக்குச் சுற்றலாம், போட்டோ எடுக்கலாம், லிட்டில் இந்தியா பக்கத்திலேயே இருப்பதால் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. ஆனால் சுங் பெரனாக்கன் அல்ல, ஹக்கா என்ற பிரிவைச் சேர்ந்த சீனர். பொருட்களும் பெரும்பாலும் பிற்காலத்தில் சேகரித்து வைத்தவைதான். அதனால் வீட்டைவிட அலமாரிதான் கண்ணில் படுகிறது.

நீல மாளிகையில் வீடுதான் காட்சி. 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள். கடைசி மகன் இறக்கும்வரை விற்கக் கூடாது என்று வீட்டைக் கட்டிய சியோங் உயில் எழுதிவைக்க, அந்த மகன் 1989இல் இறந்தார். அதற்குள் வீடு முழுக்க வாடகைக் குடும்பங்கள், எங்கும் சிதிலம். பிறகு கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் சிலரும் சேர்ந்து வாங்கிப் புதுப்பித்தார்கள். அந்த வேலைக்கு 2000இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது சுவர்தான். நம் ஊரில் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் துளி நீலம் போடுவோமே, அதையே தாராளமாக, அவுரியைக் கலந்து பூசியிருக்கிறார்கள். பினாங்கு மழையில் செங்கல் சுவர் ஈரம் குடிக்காமல் இருக்காது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் குடித்த ஈரம் வெயில் வந்ததும் வெளியேறிவிடும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை பொத்துப் பொத்தென்று விழும். கிட்டப் போய்ப் பாருங்கள், நீலம் ஒரே சீராக இருக்காது, திட்டுத் திட்டாக எங்கோ அடர்ந்து எங்கோ வெளிறியிருக்கும். அப்படியென்றால் சுண்ணாம்பு ஒழுங்காக மூச்சு விடுகிறது. அவ்வப்போது திரும்பப் பூசியாக வேண்டும், செலவுதான், ஆனால் பழைய வீட்டை வைத்திருக்க வேறு குறுக்கு வழியில்லை.

ஒரு குறை உண்டு. இப்போது ஹோட்டலாகவும் நடப்பதால் எல்லா அறைகளுக்குள்ளும் விடமாட்டார்கள். நான் அங்கே தங்கியதில்லை, அறைகள் எப்படி என்று தங்கியவர்களைத்தான் கேட்க வேண்டும். வழிகாட்டியோடு சுற்றுவதென்றால் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் மட்டும், சரி, பச்சை மாளிகைக்கே போங்கள்.