உட்கார்ந்துபோன பின் ஸ்பிரிங்: சேலத்து லாரிப் பட்டறையில் பொலிரோவுக்குச் செய்த வேலை

பத்து வயதைத் தாண்டிய பொலிரோ போன்ற வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டால், கார் சர்வீஸ் மையத்தைத் தேடிப் போவதைவிட, லாரிகளுக்கு ஸ்பிரிங் கட்டும் பட்டறைக்கு ஓட்டிச் செல்வதே மேல் என்பது என் கருத்து. சேலத்தில் அத்தகைய பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒருபுறம் சங்ககிரியின் லாரிகள், இன்னொருபுறம் நாமக்கல்லின் பாடி கட்டும் தொழில், ஊருக்குள்ளேயே மாக்னசைட் சுமக்கும் டிப்பர்கள் எனப் பாரவண்டிகளை நம்பி வளர்ந்த கைவேலை இது. ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு உர மூட்டையும் மிளகும் சுமந்து ஓடும் பொலிரோவை, சீலநாயக்கன்பட்டி பைபாஸை ஒட்டிய அப்படியொரு பட்டறையில் அண்மையில் சரிசெய்தோம்.

அதற்கு முன் விசாரித்த ஒரு சர்வீஸ் மையத்தில் ஷாக் அப்சார்பரை மாற்றினால் போதும் என்றார்கள். ஷாக் அப்சார்பர் வண்டியின் துள்ளலை அடக்குமே தவிர எடையைத் தாங்குவதில்லை. தாழ்ந்துபோன உயரத்தை அதனால் மீட்க இயலாது. பட்டறை மேஸ்திரி நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, பின்னால் கிடந்த சாமான்களை இறக்கச் சொல்லிவிட்டு, சமதரையில் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் டேப் வைத்து அளந்தார். ஓட்டுநர் பக்கம் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. இதன் பின் ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்த வளைந்த எஃகுப் பட்டைகள். பிரித்துப் பார்த்ததில் அந்தப் பக்கத்துச் சிறு பட்டை ஒன்று நடு போல்ட்டின் ஓட்டை அருகே முறிந்திருந்தது. மற்ற பட்டைகள் வளைவிழந்து ஏறக்குறைய நேர்கோடாகிவிட்டிருந்தன.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் எளிய வழியைப் பிடிக்கிறார்கள்: கூடுதலாக ஒரு பட்டையைச் செருகி வண்டியைத் தூக்கிவிடுவது. எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். பாதி நாள் வெறுமையாகவும் வீட்டாரை ஏற்றிக்கொண்டும் ஓடும் வண்டியில், பின்சீட்டில் இருப்பவர்களின் இடுப்பு அதற்கு விலை கொடுக்கும். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 7 மில்லிமீட்டர் பட்டை வைத்தாலே அதன் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், மேடு பள்ளத்தில் நன்றாகவே தெரியும்.

அடுத்த வழி, பழைய பட்டைகளுக்கே மீண்டும் வளைவு கொடுப்பது. காஸ் தீயில் சிவக்கக் காய்ச்சி வளைப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது. ஸ்பிரிங் எஃகுக்கு வலுவைத் தருவது, அதைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தும் முறை. தீயைக் காட்டியதும் அந்தப் பதம் போய்விடும், பட்டை சில மாதங்களிலேயே மறுபடி படுத்துவிடும். இந்தப் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துச் சூடேற்றாமலே அழுத்தி வளைக்கிறார்கள். அதுவும் நிரந்தரமன்று, களைத்துப்போன எஃகு களைத்ததுதான் என்று மேஸ்திரியே ஒளிக்காமல் சொன்னார். முறிவும் இருந்ததால் இரண்டு பக்கத்துக்கும் கம்பெனி அளவிலேயே புதிய செட் போடச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும் என்பதால் அவரும் அதையே விரும்பினார்.

இவர்களைப் பாராட்டத் தோன்றுவது மாட்டிய விதத்தில்தான். ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டுகள் ஏற்கெனவே இழுபட்டவை என்பதால் அவற்றை ஒதுக்கிப் புதியவற்றைப் போட்டார்கள். பட்டையின் ஒரு முனையை அசையும்படி வண்டியோடு இணைக்கும் சாக்கிளையும், இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் மாற்றினார்கள். பட்டையின் முனையில் உள்ள வளையமான கண்ணிலும் சாக்கிளிலும் உள்ள போல்ட்டுகளை ஜாக்கியில் வண்டி தொங்கும்போது இறுதியாக முறுக்காமல், சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டி தன் எடையில் அமர்ந்த பின்னரே முறுக்கினார்கள். தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துபோகும். எத்தனையோ இடங்களில் தவறவிடும் இந்தச் சிறு ஒழுங்கை இங்கே யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வரச் சொன்னார்கள். அதற்குக் கூலி வாங்கவில்லை.

குறை இரண்டு உண்டு, இரண்டும் மலைப்பாதைக்காரர்களுக்கு முக்கியமானவை. பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்.எஸ்.பி.வி வால்வு பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கிறது. பின்பக்கம் தாழ்ந்தால் வண்டியில் பாரம் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி உயர்ந்தால் பின் பிரேக்குக்குக் குறைவாகவே அழுத்தம் விடும், முன் பிரேக்குகள் தனியாக உழைத்துச் சூடேறும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த இறக்கத்தில் இது விளையாட்டல்ல. ஸ்பிரிங்கின் உயரம் மாறியும் பட்டறையில் அந்தக் கம்பியை யாரும் தொடவில்லை. பிரேக் மெக்கானிக் ஒருவரிடம் தனியே காட்டிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பின்பக்கம் தாழ்ந்திருந்தபோது எதிரே வருபவர் கண்ணில் அடித்த ஹெட்லைட்டை யாரோ கீழே திருப்பி வைத்திருந்ததால், இப்போது வெளிச்சம் காலடியிலேயே விழுந்தது. அதையும் நாங்களே திருத்தினோம்.

வண்டியின் போக்கில் மாற்றம் தெளிவு. ஏற்றத்தில் முன்சக்கரம் மிதப்பதுபோல ஸ்டீயரிங் இலேசாவது நின்றது. கொண்டை ஊசி வளைவின் உட்புறப் பள்ளங்களில் அச்சு மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர் ஸ்டாப்பில் இடித்துக்கொண்டிருந்த சத்தம் இல்லை. வெறும் வண்டியாக ஓடும்போது முதலில் சற்று விறைப்பாக இருந்தது. அது பழகிய பின் தணிந்துவிட்டது.

பட்டறையில் உட்கார இடமில்லை, லாரி வந்துவிட்டால் நம் வண்டி ஓரங்கட்டப்படும். காலை முதல் ஆளாகப் போய்விடுவது நல்லது. பில் கேட்டால்தான் எழுதித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். ஸ்கார்ப்பியோ, சஃபாரி வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் உதவாது. அவற்றின் பின்னால் இருப்பது பட்டை அல்ல, சுருளான காயில் ஸ்பிரிங். அதை ஜோடியாக மாற்றுவதே முறை, காயில்களுக்கிடையே ரப்பர் கட்டையைத் திணிப்பது அன்று.