விடுமுறையில் நைட்ரோ கார்: ஊரில் எரிபொருள் வாங்கிய அனுபவம்

ஊருக்குப் போகும்போது நைட்ரோ காரை, அதாவது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் (ஆர்சி) மாடல் காரை, பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். எரிபொருளைக் கொண்டுபோக முடியாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன் இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. எரிபொருள் வாடை அடித்தால் இன்ஜினையே இறக்கிவைக்கச் சொல்வார்கள். ஆக, போன இடத்தில்தான் வாங்கியாக வேண்டும்.

முதல் கடையில் ஒரே கேள்விதான்: "எத்தனை பர்சன்ட் சார்?" நைட்ரோமீத்தேன் 16 என்றேன். நான் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் உரிமம் இல்லாத பொதுமக்களுக்கு எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ளதை விற்கக் கூடாது. என் இன்ஜினை அதற்கேற்பத்தான் செட் செய்திருந்தேன். "15 இருக்கு, கிட்டத்தட்ட அதேதான்" என்று ஒரு கேனை எடுத்துவைத்தார். அதில் இருந்தது கொள்ளளவுக் கணக்கு. நைட்ரோமீத்தேன் கனமானது, எடையில் 16 என்பது கொள்ளளவில் சுமார் 12தான். அதைவிடப் பெரிய விஷயம், அது விமான மாடல்களுக்கான எரிபொருள், எண்ணெய் 18 சதவீதம், என் காருக்கு அதிகம். காரில் ஊற்றினால் இன்ஜின் கெடாது. ஆனால் புகை தள்ளும், வேகம் எடுக்காது. வேண்டாம் என்றதும், லூசாகத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரட்டுமா என்றார். மெத்தனால் விஷம், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். கும்பிடு போட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது கடைக்காரர் சதவீதத்தைக் கேட்கவே இல்லை. "இன்ஜின் 2.1 சிசியா, 3.5 சிசியா? என்ன பிளக்? ஹெட்டுக்கு அடியில எத்தனை ஷிம்?" ஷிம் என்பது இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய உலோக வளையம். பிளக் என்பது கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவரிடம் சீல் உடைக்காத கார் எரிபொருள் இருந்தது, 25 சதவீதம். நைட்ரோமீத்தேன் தன்னுடனேயே ஆக்சிஜனைக் கொண்டுவருவதால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் எரியும். சக்தி கூடும், ஐடில் சீராக நிற்கும். ஆனால் பழைய கம்ப்ரஷனிலேயே, அதாவது கலவையை அதே அளவுக்கு அழுத்தி, ஓட்டினால் கலவை முன்கூட்டியே பற்றி பிளக் போய்விடும். அதனால் கம்ப்ரஷனைக் குறைக்க ஒரு ஷிம் கூடப் போட்டு, ஒரு படி கூலான பிளக்கையும் மாட்டச் சொன்னார்.

எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகில்தான் எனக்குக் குழப்பம். நைட்ரோ கூடினால் ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக வரும்படி) திறக்க வேண்டும். வெயிலில் காற்று மெலிவதால் லீனாக்க (எரிபொருளைக் குறைக்க) வேண்டும். எதைக் கேட்பது? "ரிச்சுலயே ஆரம்பிங்க, கொஞ்சம் கொஞ்சமா மூடுங்க. டெம்பரேச்சரை மட்டும் நம்பாதீங்க, புகை எப்பவும் தெரியணும்." ஹெட்டில் 110 டிகிரி செல்சியஸ் சுற்றி நின்றபோது நிறுத்திக்கொண்டேன். எண்ணெயில் ஆமணக்கு கலந்ததாகவே எடுத்தேன். உள்ளே கொஞ்சம் படிமம் விடும்தான், ஆனால் சிந்தெட்டிக் கைவிடும் சூட்டிலும் அது காக்கும்.

சதவீதத்தை மட்டும் கேட்டு விற்கும் கடையைவிட ஷிம்மைப் பற்றிக் கேட்கும் கடைக்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். கிளம்பும் முன் டாங்க் காலியாகும்வரை ஓட்டி, பேரிங் துருப்பிடிக்காதிருக்க ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டேன். மிச்சத்தை அவரே எடுத்துக்கொண்டார்.