என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான்: தமிழ்த் தளம் செய்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

என்.வி.டி.ஏ. விண்டோஸில் ஓடும் இலவசத் திரைவாசிப்பான், அதாவது பார்வையற்றவர்களுக்காகத் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருள். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் இதை எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் தே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இதே வேலையைச் செய்யும் ஜாஸ் மென்பொருளைப் பணம் கட்டாமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை மறுபடி தொடங்க வேண்டும். என்.வி.டி.ஏ.வில் அந்தத் தொல்லை இல்லை. பென்டிரைவில் போட்டுக்கொண்டு எந்தக் கணினியிலும் ஓட்டலாம். தமிழ் இடைமுகமும் உண்டு. இங்கே இதைத் தளங்களைச் சோதிக்கும் கருவியாக மட்டும் பார்க்கிறோம்.

நிறுவியதும் வரும் முதல் பெட்டியிலேயே கேப்ஸ் லாக்கை என்.வி.டி.ஏ. விசையாக, அதாவது கட்டளைகளில் மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்தும் விசையாக, வைக்கும் தேர்வை டிக் செய்துவிடுங்கள். வழக்கமாக அந்த வேலைக்கு உள்ள இன்சர்ட் விசை பல மடிக்கணினிகளில் எட்டாத இடத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தொடங்க கன்ட்ரோல்+ஆல்ட்+என், பேச்சை நிறுத்த கன்ட்ரோல், மூட என்.வி.டி.ஏ.+கியூ. கூடவே வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. கரகரவென்று இயந்திரம் போலத்தான் பேசும், ஆனால் விசையை அழுத்திய கணமே பேசும், வேகத்தைக் கூட்டினாலும் சொல் சிதையாது. காதுக்கு இதமாக வேண்டுமானால் விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்க் குரலைச் சேர்த்து, மைக்ரோசாஃப்டின் வள்ளுவர் குரலுக்கு மாறிக்கொள்ளலாம்.

சோதிக்கும்போது மவுஸைத் தொடாதீர்கள். சுட்டிக்குக் கீழே இருப்பதையும் இது வாசிக்கும். அதைக் கேட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. என்.வி.டி.ஏ.+கன்ட்ரோல்+எஸ்கேப் அழுத்தினால் திரை கறுத்துவிடும். அந்த நிலையில் ஒரு படிவத்தை நிரப்பி முடித்தால்தான் அது சோதனை. என்ன பேசியது என்று எழுத்தில் பார்க்க வேண்டுமானால், கருவிகள் பட்டியலில் இருக்கும் பேச்சு காட்டும் சாளரத்தைப் பிறகு திறந்துகொள்ளலாம்.

முதலில் எச் விசை. அது தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். தாவ இடமே இல்லை என்றால், கொட்டை எழுத்தில் போட்டதைத் தலைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கண்ணுக்கு அது தலைப்பு, கருவிக்கு வெறும் பத்தி. அடுத்து என்.வி.டி.ஏ.+எஃப்7. பக்கத்தில் உள்ள இணைப்புகளெல்லாம் வரிசையாக வரும். ‘மேலும் படிக்க’, ‘மேலும் படிக்க’ என்று பன்னிரண்டு முறை வந்தால், எது எந்தச் செய்திக்கு உரியது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? செய்தித் தலைப்பையே இணைப்பாக்கிவிடுங்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய கோளாறுகளில்தான் இந்தக் கருவியின் அருமை தெரிகிறது. லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனையில் 100க்கு 100 வாங்கிய பக்கம்கூட இங்கே விழலாம். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று கருவிக்குச் சொல்லும் மொழிப் பண்பு ஆங்கிலம் என்றே விடப்பட்டிருந்தால் கருவி ஆங்கிலக் குரலுக்கு மாறிவிடும், பல ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். முழுக் கட்டுரையும் இருக்கும், கேட்பவருக்கு நடுவில் வரும் எண்கள் மட்டும் கிடைக்கும். தானியங்கிச் சோதனை மொழிப் பண்பு இருக்கிறதா என்று பார்க்கும், அது உண்மையா என்று பார்க்காது. இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். கருவி உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். வானவில் எழுத்துருவில் தட்டிய சுற்றறிக்கையை பி.டி.எஃப். ஆக்கி ஏற்றினாலும் இதே கதிதான். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவதைத் தவிர வழி இல்லை. மூன்றாவது, அழகுக்காக ‘அ றி வி ப் பு’ என்று இடைவெளி விட்டுத் தட்டுவது. காதில் அது துண்டு துண்டான எழுத்துகளாகத்தான் விழும். எழுத்திடைவெளியை சி.எஸ்.எஸ்.சில் கொடுங்கள், சொல் உடையாது.

படிவங்களில் எஃப் விசை ஒவ்வொரு கட்டமாகப் போகும். கட்டத்துக்கு மேலே ‘பெயர்’ என்று எழுதியிருந்தால் போதாது. லேபல் குறி அந்தக் கட்டத்தின் ஐடியோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ‘இங்கே எதையோ எழுதலாம்’ என்ற அளவுக்குத்தான் சொல்லும். உள்ளே மங்கலாகத் தெரியும் குறிப்பு அதற்கு மாற்று ஆகாது, எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பிழைச் செய்தியைச் சிவப்பில் காட்டிவிட்டு நின்றுவிடாமல், முதல் பிழை உள்ள கட்டத்துக்கே குவியத்தை (அடுத்து தட்டுவது போய் விழும் இடத்தை) கொண்டுபோங்கள். ஓ.டி.பி.க்கு ஆறு தனிக் கட்டங்கள் வேண்டாம், ஒன்று போதும். நேரம் முடியப்போகிறது என்றால் அது குரலிலும் கேட்கும்படி செய்து, நீட்டிக்க ஒரு பொத்தான் வையுங்கள். கண் சிமிட்டச் சொல்லும் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முறைகளால் மாற்றுத்திறனாளிகள் பட்ட பாட்டைக் கேட்டுத்தான் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, எண்மச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வங்கிச் செயலி செய்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

அட்டவணைக்கு ஓர் எடுத்துக்காட்டு, பேருந்து நேரப் பட்டியல். கன்ட்ரோல்+ஆல்ட்+அம்புக்குறியால் கட்டம் கட்டமாக நகரலாம். தலைப்புக் கட்டங்களுக்கு டி.எச். குறி இட்டிருந்தால் பக்கத்துக் கட்டத்துக்கு நகரும்போது ‘புறப்படும் நேரம், 6:40’ என்று கேட்கும். இடாவிட்டால் வெறும் ‘6:40’. அது புறப்படுவதா, வந்துசேர்வதா?

குறைகளும் உண்டு. முதல்முறை வருபவர்கள் தட்டச்சு செய்யும்போது பக்கம் தாவுகிறது என்று திணறுவார்கள். உலாவும் நிலையில் எழுத்து விசைகள் தாவும் கட்டளைகளாகிவிடுவதுதான் காரணம். அந்த நிலைக்கும் எழுதும் நிலைக்கும் மாற என்.வி.டி.ஏ.+ஸ்பேஸ் என்பதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். ‘பஸ்’, ‘பாஸ்போர்ட்’ இரண்டின் முதல் ஒலி வேறானாலும் தமிழ் எழுத்தில் ஒரே ‘ப’ என்பதால் கடன்சொற்களின் ஒலி பிசகும். அது தளத்தின் பிழை அல்ல, திருத்தப்போகாதீர்கள். ஆல்ட் உரை (படத்தை விவரிக்கும் சொற்கள்) இல்லாத படங்களை இது பெரும்பாலும் மௌனமாகத் தாண்டிவிடும், இணைப்பாக இருந்தால் மட்டும் முகவரியின் ஒரு துண்டை வாசிக்கும். அதனால் விட்டுப்போன ஆல்ட் உரைகளைக் காதை மட்டும் நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. குறைபார்வை உள்ளவர்களுக்குத் தேவையானதையும் இது காட்டாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு, 400 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் உருட்ட வேண்டாத அமைப்பு இரண்டையும் தனியே சோதிக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு செயலிக்கு டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. வலப்பக்கம் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர் சொல்லாமல் வெறும் பொத்தான் என்று மட்டும் கேட்கும் இடத்திலெல்லாம் விவரிப்பு சேர்க்க வேண்டும். தொடும் பரப்பு 48 டி.பி.க்குக் (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) குறையக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு, திரைவாசிப்பானைத் தினமும் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவரை ஊதியம் கொடுத்து ஒரு மணி நேரம் சோதிக்க அழையுங்கள். பதிவு செய்வது, தேடுவது, பணம் கட்டுவது என்று மூன்று வேலைகள் கொடுங்கள். பொத்தான் எங்கே என்று உங்களுக்கு முன்பே தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் நின்று தேடும் இடத்தில் வாய் திறந்து உதவாமல் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.