அவசரப் பைக்கு எது: மல்டி டூலா, மடங்காத கத்தியா?

வாசலுக்கருகே தயாராகக் கிடக்கும் அவசரப் பையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் இடம் என்றால் மல்டி டூலை (குறடு, கத்தி, ரம்பம் எல்லாம் ஒன்றாக மடங்கி அடங்கும் கைக்கருவி) வையுங்கள். அது காட்டுக்கோ மலைக்கோ போகிற பை என்றால் மடங்காத கத்தி. பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால் கருவியைத் தப்பான வேலையில் போட்டு உடைத்து, கையையும் கிழித்துக்கொள்ள நேரும்.

ஒப்பிட இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று லெதர்மேன் வேவ் பிளஸ்: 18 கருவிகள், 241 கிராம், மடக்கினால் 10 செ.மீ. நீளம், உள்ளே இருக்கும் கத்தி அலகு 7.4 செ.மீ. இன்னொன்று ஸ்வீடனின் மோராவில் செய்யப்படும் மோராக்னிவ் கம்பேனியன்: 10.4 செ.மீ. அலகு, 2.5 மி.மீ. தடிமன், உறையோடு சேர்த்தும் 120 கிராமைத் தாண்டாது. விலையில் இந்த மோரா கத்தி வெகு கீழே நிற்கும். இரண்டும் அவரவர் வகையில் பல காலமாகப் பேர் வாங்கியவை.

வெள்ளம், புயல், நிலநடுக்கம், நீண்ட மின்வெட்டு என்று வந்தால் கைக்கு என்ன வேலை வரும் என்று யோசித்துப் பாருங்கள். டின்னைத் திறக்க வேண்டும். டார்ச்சின் மூடியில் இறுகிப்போன ஸ்குரூவைக் கழற்ற வேண்டும். பலகையில் துருத்தி நிற்கும் ஆணியைப் பிடுங்க வேண்டும். கம்பியை முறுக்கித் தார்ப்பாயைக் கட்ட வேண்டும், சூடான பாத்திரத்தைத் தூக்க வேண்டும், விரலில் ஏறிய கண்ணாடிச் சில்லை எடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூடக் கத்தி வேலை இல்லை. பிடிப்பதும் முறுக்குவதும் பிடுங்குவதும் குறடு செய்கிற வேலை. வெட்டுவதற்குக் கண்ணாடித் துண்டாவது கிடைக்கும், குறட்டுக்கு ஈடாக எதுவும் கிடைக்காது. வேவ் பிளஸ்ஸில் முதல் மதிப்பெண் அந்தக் குறட்டுக்குத்தான். கூர்முனை, பல் வைத்த நடுப்பகுதி, கம்பி நறுக்கும் அடிப்பகுதி என்று மூன்றும் ஒரே தாடையில் இருக்கின்றன. நறுக்கும் விளிம்பு தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கெட்டிக் கம்பியைத் தாடையின் முனைப் பக்கம் வைத்து அழுத்தாதீர்கள். அச்சாணிக்கு ஒட்டி, அடிப்பகுதியில் வைத்து நறுக்க வேண்டும். அங்கேதான் கையின் பலம் முழுதும் இறங்கும்.

வேவின் இன்னொரு நல்ல விஷயம், நான்கு பெரிய அலகுகளும் (நேர் விளிம்புக் கத்தி, பல் விளிம்புக் கத்தி, ரம்பம், அரம்) குறட்டை விரிக்காமலே வெளியிலிருந்து திறக்கும். கத்தியின் முதுகுப் பக்கம் உள்ள துளையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் டக்கென்று நிற்கும். அந்தச் சத்தம் ஒரு மெல்லிய எஃகுத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும் சத்தம். பூட்டு என்பதே அந்தத் தகடுதான். அதன் பாதையில் மணலோ துணி நூலோ சிக்கினால் தகடு பாதிதான் நகரும். கத்தி திறந்து நிற்பதுபோலத் தோன்றும், முதுகில் அழுத்தம் வந்ததும் விரல்மேல் மடங்கிவிடும். ஆகவே திறந்ததும் தகடு அலகுக்குப் பின்னால் முழுதாக வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மூடும்போதும் கவனம் வேண்டும். தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் சரியாக அலகு வந்து விழும் வழியில் இருக்கிறது. தகட்டைத் தள்ளி, அலகைக் கொஞ்சம் அசைத்துவிட்டு, விரலை வெளியே எடுத்த பிறகே முழுதாக மடக்க வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் கையை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பல் விளிம்பு அலகைப் பலர் தேவையில்லாதது என்று ஒதுக்குகிறார்கள். நைலான் கயிறு, சீட் பெல்ட், கனமான பட்டை இவற்றில் நேர் விளிம்பு வழுக்கிக்கொண்டே போகும், பல் விளிம்பு கவ்வி இழுக்கும். சீட் பெல்ட்டை ஒரு கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, சாய்வாக வெட்டுங்கள். தொளதொளவென்று இருந்தால் எந்தக் கத்தியும் அதை அறுக்காது. அடிபட்டவரின் துணியை அகற்ற மட்டும் இரண்டு கத்தியையும் தொடாதீர்கள். அதற்கு மழுங்கிய முனை கொண்ட முதலுதவிக் கத்தரி தனியாக வேண்டும்.

இனி வேவின் குறைகள். அதன் ஸ்குரூ முனைகள் தட்டையானவை. கடையில் கிடைக்கும் 6.35 மி.மீ. அறுகோண முனைகள் நேராகப் பொருந்தாது, தனி நீட்டிப்பு வேண்டும். ரம்பம் கட்டைவிரல் தடிமன் கிளைக்குப் போதும், அதற்கு மேல் நேர விரயம். குறட்டின் தாடை அதிகம் விரியாது. வீட்டு எரிவாயுக் குழாயின் முதன்மை வால்வைத் திருப்ப அதை நம்ப வேண்டாம். வழுக்கி நட்டின் மூலைகளை மழுக்கிவிடும், பிறகு சரியான ஸ்பேனரும் பிடிக்காது. அந்த வேலைக்கு வாய் அகலத்தை மாற்றக்கூடிய ஸ்பேனர் ஒன்றைப் பையில் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கைப்பிடி முழுக்க வெற்று எஃகு. மின்சாரம் ஓடும் கம்பியில் இதை வைப்பது வெறுங்கையை வைப்பதற்குச் சமம்.

மடங்காத கத்தியின் பலம் அதில் மூட்டே இல்லை என்பது. அச்சாணி இல்லை, பூட்டு இல்லை, மண் புக இடமில்லை. உறையிலிருந்து உருவினால் வேலைக்குத் தயார். குளிரில் விறைத்த கைக்கும் கையுறை போட்ட கைக்கும் இது பெரிய வசதி. கம்பேனியனின் ரப்பர் பிடி ஈரக் கையிலும் நழுவாது. விரல் முன்னால் சறுக்காமல் இருக்கச் சிறு தடுப்பும் உண்டு.

ஆனால் இதன் மதிப்பு முழுதாகத் தெரிவது நெருப்பு மூட்டும்போதுதான். மழையில் நனைந்த விறகின் உள்ளே காய்ந்த மரம் இருக்கும். அதை வெளியே கொண்டுவர விறகைப் பிளந்தாக வேண்டும். மணிக்கட்டு அளவு பருமனுள்ள, கணு இல்லாத கட்டையாக எடுங்கள். கட்டையின் அகலத்தைவிட அலகு குறைந்தது 3 செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். தட்டையான மரத்தின்மேல் கட்டையை நிமிர்த்தி வைத்து, அலகை அதன் தலையில் கிடையாக வைத்து, முதுகை ஒரு தடியால் தட்டுங்கள். கல்லோ சுத்தியலோ வேண்டாம். அலகு உள்ளே இறங்கியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைப் பக்கத்தில் தட்டுங்கள், பிடியை மட்டமாக வைத்திருங்கள். நடுவில் சிக்கிக்கொண்டால் கத்தியைத் திருகி நெம்பாதீர்கள். முனை ஒடிவது, விளிம்பு சுருள்வது எல்லாம் அந்தத் திருகலில்தான். கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, எதிர்ப்பக்கம் தட்டிக் கத்தியை விடுவியுங்கள்.

இதே வேலையை மல்டி டூலின் கத்தியில் செய்தால் ஒவ்வொரு அடியும் அச்சாணியிலும் அந்த மெல்லிய பூட்டுத் தகட்டிலும் போய் விழும். சில கட்டைகளிலேயே அலகு ஆட ஆரம்பிக்கும். ஆடத் தொடங்கிய பூட்டை மறுபடி நம்ப முடியாது.

மடங்காத கத்தி என்றாலே அசைக்க முடியாதது என்ற எண்ணமும் சரியில்லை. பிடிக்குள் செல்லும் எஃகு வாலை டேங் என்பார்கள். கம்பேனியனில் அது பிடியின் கடைசிவரை போகாது. விறகு பிளக்க அது தாங்கும், கதவை நெம்பத் தாங்காது. முழு நீள டேங் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் கார்பெர்க் இருக்கிறது: 3.2 மி.மீ. தடிமன், 10.9 செ.மீ. அலகு. எடையும் விலையும் கூடும். கார்பெர்க்கின் முதுகு கூர்மூலையாகத் தீட்டப்பட்டிருப்பதால் தீப்பொறிக் கம்பியைச் (சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி) சுரண்ட வாகாக இருக்கும். கம்பேனியனின் முதுகு அப்படித் தீட்டப்படாததால் பொறி சரியாக வராது. அதற்காகக் கூர் விளிம்பைக் கொண்டு சுரண்டி வீணாக்க வேண்டாம்.

எஃகு விஷயத்தில் அதிகம் குழம்பத் தேவையில்லை. கார்பன் எஃகுக் கத்தி நன்றாகக் கூர் பிடிக்கும், ஆனால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் பையில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத வகையையே எடுங்கள். வேவின் 420எச்சி, கம்பேனியனின் 12சி27 என்ற எஃகுகள் இரண்டுமே அந்த வகை. கூர்மையை நீண்ட நேரம் வைத்திருப்பதில் மோரா ஒரு படி மேலே. கூர் தீட்டுவதும் அதில்தான் எளிது. அலகின் இருபுறமும் அகலமான ஒரே சரிவு இருக்கும். அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் தட்டையாகப் படுக்க வைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமைந்துவிடும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க எதிர்ப்பக்க விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அது அடிமுதல் முனைவரை வந்ததும் பக்கத்தை மாற்றுங்கள்.

துருப்பிடிக்காத எஃகு என்பதற்காக அப்படியே விட்டுவிட முடியாது. தோல் உறைக்குள் நீண்ட நாள் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அலகில் புள்ளிப் புள்ளியாகத் துருவை ஏற்றும். பிளாஸ்டிக் உறையே போதும், அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் கத்தி விழக்கூடாது. மல்டி டூலுக்கு மூட்டுக்கு ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும். உணவுத் தரமானதாக இருந்தால் அதே கத்தியால் சாப்பாட்டையும் வெட்டலாம். சமையல் எண்ணெய் வேண்டாம், சில மாதத்தில் பிசின்போல இறுகி மூட்டையே ஒட்டிவிடும்.

பெயர் தெரியாத மலிவு மல்டி டூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முனைகள் சேராமல் நடுவில் மட்டும் தொட்டால் சிலாம்பைக்கூட அது பிடிக்காது. அழுத்திப் பிடிக்கும்போது கைப்பிடியின் ஓரம் உள்ளங்கையில் அறுத்தால் கீழே வைத்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு ஒரு மோராவும் நல்ல சாதாரணக் குறடு ஒன்றும் வாங்குவது மேல்.

இரண்டையும் வைத்தால் மொத்த எடை 360 கிராம் பக்கம். பெரும்பாலான பைகளுக்கு இது பாரமே இல்லை. மல்டி டூலை முதலில் வாங்குங்கள், கத்தியைப் பிறகு சேருங்கள். விமானத்தில் இரண்டும் கைப்பையில் போக முடியாது, சரக்குப் பெட்டியில்தான். பொது இடத்தில் கொண்டுபோவதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பூட்டு உள்ள மடக்குக்கத்தியையும் மடங்காத கத்தியையும் கூடுதலாகக் கட்டுப்படுத்தும் இடங்கள் உண்டு.

மல்டி டூலைப் பையின் வெளிப்பக்க அறையில், பளிச்சென்ற நிறக் கயிறு கட்டி வையுங்கள். இருட்டில் தடவினாலும் அகப்படும். கத்தி உறையோடு உள்ளே இருக்கட்டும், குழந்தைகள் கைக்கு எட்டாமல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டார்ச் பேட்டரியைப் பார்க்கும்போது மல்டி டூலையும் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு கருவியையும் ஒரு தடவை திறந்து மூடுங்கள். எது நகத்தை ஒடிக்கப் பார்க்கிறதோ அதன் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாலைந்து தடவை அசைத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.