குழந்தைகளுக்கான மல்டிகிரெய்ன் சீரியல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மகள் யு.கே.ஜி. படித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இந்தப் பல தானியச் சீரியல் டப்பா இருக்கிறது. இப்போது அவள் நான்காம் வகுப்பு. சாக்லேட் சுவை, சின்னச் சின்னக் குழிகளாக வளைந்த துண்டுகள், பாலில் போட்ட கொஞ்ச நேரத்தில் பாலையும் பழுப்பாக்கிவிடும் அந்த வகைதான். பிராண்டு பெயரை எழுதப் போவதில்லை. கடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நான்கைந்து டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்க விவரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதைக் காலை டிபன் என்று நம்பிக் கொடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் முடிவு: இது தின்பண்டம். பாலோடு சேரும்போது ஓரளவு நல்ல தின்பண்டம்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். நங்கநல்லூரில் இருக்கிறோம். மனைவிக்கு ஓ.எம்.ஆர். ஆபீஸுக்கு விடியற்காலையிலேயே கேப் வந்துவிடும். எட்டு மணிக்கு முன்பே பள்ளி வேன். மாவு தீர்ந்துபோன நாட்களில் அப்பாவே அடுப்பு பற்றவைக்காமல் பேத்திக்குப் போட்டுக் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான். அதைவிட முக்கியம், வெறும் பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள் இதோடு சேர்த்துக் கொடுத்தால் கடைசிச் சொட்டு வரை குடித்துவிடுவாள். இந்த டப்பாவால் எங்களுக்குக் கிடைத்த பெரிய பலன் அதுதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இனி பின்பக்கம். உட்பொருள் பட்டியலை எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும், எது அதிகமோ அது முதலில். எங்கள் டப்பாவில் முதலில் கோதுமை மாவு, இரண்டாவது சர்க்கரை. முன்பக்கப் படத்தில் கதிரும் மணியுமாக இருக்கும் கேழ்வரகு, சோளம், ஓட்ஸ், அரிசி எல்லாம் அதற்குப் பிறகுதான். படம் போட்டுப் பெருமையாகச் சொல்லும் பொருள் எத்தனை சதவீதம் என்றும் அச்சிட்டாக வேண்டும். அப்படித் தேடிப் பார்த்தால் கேழ்வரகு 6 சதவீதம். 30 கிராம் சீரியலில் இரண்டு கிராம்கூட இல்லை.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அப்படியானால் நம் கிண்ணத்தில் விழும் கேழ்வரகிலிருந்து ஏழு மில்லிகிராம்கூடத் தேறாது. அதே கிண்ணத்தில் ஊற்றும் 150 மில்லி ஆவின் பாலில் 180 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது. 50 கிராம் கேழ்வரகு மாவில் இரண்டு தோசை ஊற்றினாலும் அதே அளவு கால்சியம் கிடைக்கும். கேழ்வரகை ஊறவைத்தோ முளைகட்டியோ அரைத்திருந்தால், தானியத்தில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைடேட் என்ற பொருள் குறைந்து அந்தச் சத்தை உடம்பு இன்னும் சுலபமாக எடுத்துக்கொள்ளும். பல தானியம் என்பதற்காகவே வாங்குபவர்கள் இந்த ஓர் இடத்தில் நின்று யோசித்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கரைக்கு வருகிறேன். 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 27 கிராம். ஒரு வேளைக்கு 30 கிராம் என்று டப்பா சொல்கிறது. அதில் 8 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். ஆனால் 30 கிராம் எவ்வளவு என்று சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், கிண்ணத்தின் அடி மறையும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கேட்காமல் போட்டால் 50 கிராம் விழுகிறது. அப்போது மூன்று ஸ்பூனைத் தாண்டுகிறது. இரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க இதய சங்கம் 2016ல் சொன்ன அளவு. காலை எட்டு மணிக்கு முன்பே அதில் பாதி முடிந்துவிடுகிறது. பிறகு பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள், சாயங்காலம் பிஸ்கட்.

இன்னொன்று என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது. ஒரு வேளைக்கு நாள் தேவையில் இத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்களே, அதில் சேர்த்த சர்க்கரைக்கு நேரே 16 சதவீதம் என்று இருந்தது. பரவாயில்லையே என்று தோன்றும். அந்தக் கணக்கு 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு, ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற அடிப்படையில் போடுவது. நம் நாட்டு லேபிள் விதியே அப்படித்தான் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு 25 கிராம் என்று வைத்தால் அதே கிண்ணம் 32 சதவீதம் ஆகிறது. குழந்தைப் படம் போட்டு, உள்ளே பொம்மை வைத்து விற்கும் பொருளுக்குக் குழந்தையின் அளவில் கணக்குக் காட்டக் கூடாதா? விதியை மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தேன் சுவையுள்ள டப்பா தேவலை என்று நினைத்து ஒரு முறை மாற்றிப் பார்த்தோம். தேனையும் உலக சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையில்தான் சேர்க்கிறது; வெல்லமும் அப்படித்தான். பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி) இருந்தால் அதையும் கவனியுங்கள். அது சர்க்கரை வரியில் வராது, கார்போஹைட்ரேட் வரியில் போய்விடும். உடம்புக்குள் போனால் சர்க்கரை மாதிரியே வேகமாகக் குளுக்கோஸாக மாறும்.

பசி விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரிந்தது. சீரியல் சாப்பிட்டுப் போன நாளில் ஸ்நாக்ஸ் டப்பா காலியாக வரும். "அப்பா, ரெண்டாவது பீரியட்லயே பசிச்சுடுச்சு" என்பாள். இட்லி, பொங்கல், அடை சாப்பிட்ட நாளில் அதே டப்பாவில் பாதி மிச்சம் இருக்கும். காரணம் புரியாததில்லை. மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்துப் பிதுக்கிப் பொரிக்க வைப்பதுதான் இந்தத் துண்டுகள். மாவுச்சத்து ஏற்கெனவே உடைந்து தயாராக இருப்பதால் சீக்கிரம் செரித்துவிடுகிறது. பருப்பும் கிடையாது, நார்ச்சத்தும் குறைவு. எங்கள் தெருமுனையில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அங்கே குழந்தைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காய்கறி சாம்பாரோடு சூடாகக் கிடைக்கிறது. அந்தத் தட்டையும் என் மகளின் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்தால், சத்தில் அந்தத் தட்டுதான் மேல். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

சீரியலில் இரும்புச்சத்தும் பி வைட்டமின்களும் சேர்க்கிறார்கள். சாப்பாட்டில் கீரை தொடாத குழந்தைக்கு அது உதவும், உண்மைதான். பாலில் இருக்கும் கால்சியம் இரும்பு உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும். வைட்டமின் சி அதற்கு உதவும். அதனால் சீரியல் நாட்களில் கூடவே நாலு கொய்யாத் துண்டு கொடுக்கிறோம். தள்ளுவண்டியில் எப்போதும் கிடைப்பதுதான்.

கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் இந்த மாவு ஒட்டிக்கொண்டு நிற்கும், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள் என்று பல் டாக்டர் சொன்னார். நல்ல யோசனை, செய்கிறோம்.

சென்னையில் இதை வைத்துக்கொள்வதே தனிப்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்த பாக்கெட் சீக்கிரமே நமுத்துப்போகிறது. பெரிய பாக்கெட் விலை குறைவு என்று வாங்கினால் பாதியை யாரும் தொட மாட்டார்கள். சின்னதாக வாங்கி, உள்ளுறையோடு எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள். விலையைப் பற்றி ஒரே வரி: கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஐந்நூறு ரூபாயைத் தாண்டுகிறது, கேழ்வரகு நூறுக்குள் கிடைக்கிறது.

இப்போது எப்படிச் சாப்பிடுகிறாள் என்றால், சிகப்பு அவலையும் சோளப் பொரியையும் வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து வைத்துக்கொள்கிறோம். அதோடு வேர்க்கடலை, பொட்டுக்கடலை. கிண்ணத்தில் முக்கால் பங்கு இது, மேலே ஒரு கைப்பிடி சீரியல், வாழைப்பழத் துண்டு, பால். ஒரே நாளில் மாற்றியிருந்தால் தொட்டிருக்க மாட்டாள். வாரத்துக்கு வாரம் அவலைக் கூட்டி, சாக்லேட் துண்டுகளைக் குறைத்துக்கொண்டே வந்தோம். பாலில் சாக்லேட் நிறம் கொஞ்சம் தெரிந்தால் அவளுக்குப் போதும். இந்தக் கலவை சாப்பிட்ட நாளில் பதினொரு மணி வரை தாங்குகிறது. சனிக்கிழமை மட்டும் அவள் இஷ்டப்படி முழுக் கிண்ணம் சீரியல், அதற்குத் தடை இல்லை.

புதிதாக வாங்குபவர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டு, 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்ற ஒரே எண்ணைப் பாருங்கள். "சர்க்கரை குறைவு" என்று எழுத வேண்டுமானால் 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 5 கிராமைத் தாண்டக் கூடாது. குழந்தைகள் வரிசையில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. பெரியவர்களுக்கான சாதா ஓட்ஸில் ஒரு கிராம் பக்கம்தான் இருக்கும், அதில் பழம் பிசைந்து கொடுத்தால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

என் தங்கை ஒரு வயதுக் குழந்தைக்கு இதைப் பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரையே கூடாது. முளைகட்டிய கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலையோடு ஏலக்காய் போட்டு மாவு மில்லில் நைஸாக அரைத்துக் கொடுத்தேன். வெல்லம்கூடச் சேர்க்காமல் கஞ்சி காய்ச்சித்தான் கொடுக்கிறாள்.