மூட்டைக் காசா, பேக் காசா? யுஎன்சி வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஃபிளிப்பில் (நாணயம் வைக்கும் பிளாஸ்டிக் உறை) 'யுஎன்சி' (அன்சர்குலேட்டட்) என்று எழுதியிருந்தால் அந்த நாணயம் புழக்கத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கீறல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அச்சிலிருந்து தொட்டியில் விழும்போதே நாணயங்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன. அப்புறம் எண்ணும் இயந்திரம், மூட்டை, லாரி. இந்தக் காயங்களுக்குத்தான் பேக் மார்க், அதாவது மூட்டைத் தழும்பு என்று பெயர்.

2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் 10 நாணயங்களை ஆன்லைனில் வாங்கினேன். அவர் தமிழில் போட்ட கையெழுத்து பொறித்த நாணயம் அது. பத்தில் ஏழுக்கு முகத்திலேயே வெட்டு. விற்றவரைத் திட்டவும் வழியில்லை, ஏழுமே புழங்காத நாணயங்கள்தான்.

அதனால் மூட்டையிலிருந்து வரும் லூஸ் நாணயத்தை நேரில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ட்யூப்லைட் வேண்டாம், ஒற்றை பல்ப் போதும். விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்தபடி சுழற்றினால், ஒளிக்கீற்று வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி சுற்றி வரும். கன்னம், தலைமுடி போன்ற மேடான இடங்களில் அந்த ஒளி அறுந்து மங்கினால் தேய்மானம். ஒளி அறாமல் ஓடியும் முடியின் இழைகள் மட்டும் தெளிவில்லை என்றால், அச்சு அழுந்த விழவில்லை. புழங்கிய நாணயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒளி சுற்றவே சுற்றாமல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பளபளத்தால் யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். தொடாதீர்கள். லூப்பில் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி) தெரியும் கோடுகளிலும் இரண்டு வகை உண்டு: மேடாக எழும்பியிருந்தால் அச்சை மெருகேற்றிய தடம், பள்ளமாக இருந்தால் கீறல்.

மின்ட்டே (நாணயச்சாலையே) பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் யுஎன்சி பேக்கில் மூட்டை இடி குறைவு. ஆனால் விலை கூட, நாணயத்தை இஷ்டப்படி சாய்த்துப் பார்க்கவும் முடியாது. பிளாஸ்டிக்கில் இருக்கும் கீறல் நாணயத்தில் இருப்பதாகத் தெரியும், நாணயத்தில் இருப்பது மறைந்தும் போகும். புழக்கத்துக்கு வராத 100 ரூபாய் நினைவு நாணயங்களுக்கு வேறு வழியும் இல்லை. 2024-இல் கலைஞருக்கு வெளியிட்ட, 'தமிழ் வெல்லும்' என்று பொறித்த நாணயம் அந்த வகை. அங்கே யுஎன்சியா ப்ரூஃபா என்பதுதான் கேள்வி. ப்ரூஃப் என்பதைத் தரத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அடிக்கும் முறையின் பெயர்: மெருகேற்றிய தகட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பது. தளம் கண்ணாடி போல இருப்பதால் ஒரு விரல் ரேகை பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு யுஎன்சியே போதும்.

ஸ்லாப், அதாவது தரம் பார்க்கும் நிறுவனம் மதிப்பெண் போட்டு மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷெல்டன் அளவுகோலில் 70-க்கு மதிப்பெண். 60-இலிருந்து மேலே எல்லாம் யுஎன்சி. 61-க்கும் 66-க்கும் இடையே உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 69-க்கும் 70-க்கும் இடையே பணம்தான் தெரியும். அரிய நாணயம் என்றால் சரி, 5 ரூபாய்க்குக் கட்டணம் கட்டி அனுப்புவது எதற்கு?

என் பத்தில் தேறிய மூன்றைப் பிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக்) இல்லாத ஃபிளிப்பில் போட்டேன். பிவிசி நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மீதியில் இரண்டை டீக்கடையில் கொடுத்தேன். மாஸ்டர் திருப்பிப் பார்த்து, ஒன்றைக் கல்லாவில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.